நுரையீரலையும் அதனுள் நுழையும் செல்களையும் எம்ஆர்ஐயில் காண்பது எப்படி: செனான் முதல் ஃபுளூரின் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மார்புப் பகுதியின் வழக்கமான எம்ஆர்ஐ படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போயிருக்கும். இதயமும் கல்லீரலும் முதுகெலும்பும் தெளிவாகத் தெரிய, நுரையீரல்கள் இருக்கும் இடத்தில் மட்டும் இரண்டு கரிய பள்ளங்கள் தென்படும். இதற்குக் காரணங்கள் மூன்று. எம்ஆர்ஐ கருவி படம்பிடிப்பது நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை, அதாவது புரோட்டான்களை. நுரையீரலின் பெரும்பகுதி காற்று என்பதால் அங்கே புரோட்டான்கள் மிகக் குறைவு. இரண்டாவதாக, மனித நுரையீரல்களில் சராசரியாக 48 கோடி காற்று நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வொரு நுண்ணறைச் சுவரிலும் காற்றும் திசுவும் சந்திக்குமிடத்தில் காந்தப்புலம் சற்றே கோணலாகிறது. அந்தக் கோணலால் சமிக்ஞை 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) கருவியில் ஏறத்தாழ 2 மில்லிவினாடியிலும், 3 டெஸ்லா கருவியில் 1 மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்திலும் கரைந்துவிடுகிறது. மூன்றாவது காரணம் அசைவு: மூச்சும் இதயத்துடிப்பும் ஒரு நொடிகூட ஓய்வதில்லை.

மருத்துவ இயற்பியல், கதிரியக்கவியல், உயிரித்தொழில்நுட்பம் ஆகிய துறைகளில் ஆய்வில் இறங்கும் மாணவர்களை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: எந்த அணுக்கருவைப் படம்பிடிப்பது என்பதை நம் கேள்வி முடிவு செய்ய வேண்டும், கையில் இருக்கும் கருவியோ, பழகிய மென்பொருளோ முடிவு செய்யக் கூடாது. இந்த ஒரு முடிவில் பிசகினால், பிறகு எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும் படத்தில் விடை இருக்காது.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

நுரையீரல் திசுவின் அமைப்பு, அதாவது தழும்பு, நீர்க்கோப்பு, கட்டி போன்றவை தெரிய வேண்டுமா? புரோட்டான் போதும். உள்ளிழுத்த காற்று எந்தப் பகுதிகளைச் சென்றடைகிறது, அங்கிருந்து இரத்தத்துக்குள் எவ்வளவு சேர்கிறது என்று தெரிய வேண்டுமா? மிகைமுனைவாக்கம் (அணுக்கருக்களைச் செயற்கையாகப் பெருமளவில் ஒரே திசைக்குத் திருப்புதல்) செய்யப்பட்ட செனான்-129 வாயு வேண்டும். உடலுக்குள் செலுத்திய செல்கள் எங்கே போய்த் தங்கின, எத்தனை தங்கின என்று தெரிய வேண்டுமா? ஃபுளூரின்-19 அல்லது இரும்பு ஆக்சைடு நுண்துகள் வேண்டும்.

கேள்வியை எழுதியதும் கருவியின் திறனைச் சரிபாருங்கள். ஒரு டெஸ்லா புலத்தில் புரோட்டான் 42.58 மெகாஹெர்ட்ஸிலும், ஃபுளூரின் 40.05 மெகாஹெர்ட்ஸிலும், செனான்-129 சுமார் 11.78 மெகாஹெர்ட்ஸிலும் ஒத்ததிர்கின்றன. ஆகவே 1.5 டெஸ்லா கருவியில் இவை முறையே 63.9, 60.1, 17.7 மெகாஹெர்ட்ஸ் ஆகும். மருத்துவமனைகளில் உள்ள பெரும்பாலான கருவிகள் புரோட்டானுக்கு மட்டுமே இயங்கக்கூடியவை. பிற அணுக்கருக்களைப் படம்பிடிக்க அகன்ற அலைவரிசைப் பெருக்கியும் அதற்கான மென்பொருள் உரிமமும் சமிக்ஞையைப் பிடிக்கும் தனிக் காயிலும் (கம்பிச்சுருள்) தேவைப்படும். இம்மூன்றும் இருப்பதை எழுத்தில் உறுதிசெய்துகொண்ட பிறகே ஆய்வுத் திட்டத்தை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புங்கள்.

படி 2: புரோட்டான் வழியை முதலில் முழுமையாகப் பயன்படுத்துங்கள்

செனான் ஆய்விலும் ஃபுளூரின் ஆய்விலும் உடற்கூற்றைக் காட்டும் புரோட்டான் படம் ஒன்று அடித்தளமாக வேண்டியிருக்கிறது. சமிக்ஞை கரைவதற்குள் பிடித்துவிடுவதே இங்குள்ள உத்தி. மிகக் குறுகிய எதிரொலி நேர முறையில், ரேடியோ துடிப்பு முடிந்த 0.1 மில்லிவினாடிக்குள் பதிவு தொடங்கிவிடுகிறது; பதிவு கே-வெளியின் (படமாக மாற்றுமுன் சமிக்ஞைகள் அடுக்கப்படும் தரவுத் தளம்) நடுவிலிருந்து ஆரக்கால்கள் போல வெளிநோக்கிச் செல்கிறது. ஒவ்வொரு ஆரமும் நடுப்புள்ளியில் தொடங்குவதால், அப்புள்ளியின் ஏற்ற இறக்கத்திலிருந்தே மூச்சின் கட்டத்தைக் கணிக்கலாம். நோயாளியை இயல்பாக மூச்சுவிடச் சொல்லிச் சில நிமிடங்கள் பதிவு செய்து, வெளிமூச்சின் முடிவில் விழுந்த ஆரங்களை மட்டும் தேர்ந்து படமாக்கினால், குழந்தைகளுக்குக்கூட மயக்கமருந்தின்றி நல்ல படம் கிடைக்கிறது.

குறைந்த புலமும் ஒரு வழிதான். 0.55 டெஸ்லாவில் நுரையீரல் சமிக்ஞை பத்து மில்லிவினாடியை ஒட்டி நீடிக்கிறது. காந்தம் வலுவானால் படமும் மேம்படும் என்று பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் நுரையீரலைப் பொறுத்தவரை இதுவே உண்மை.

படி 3: செனானை ஆயத்தப்படுத்துதல்

உடல் வெப்பநிலையில் 1.5 டெஸ்லா புலத்தில் வைக்கப்பட்ட பத்து லட்சம் புரோட்டான்களில், ஒரு திசைக்கு மிகுதியாக நிற்பவை ஏறத்தாழ ஐந்து மட்டுமே. திசுவில் புரோட்டான்கள் ஏராளமாக இருப்பதால் இந்தச் சொற்ப மிகுதியே நமக்குப் போதுகிறது. வாயுவின் அடர்த்தி அதைவிட மிகக் குறைவு. ஆகவே அங்கே இந்த மிகுதியைச் செயற்கையாக உயர்த்தியாக வேண்டும்.

அதற்கான முறை, ஒளியால் அணுக்களை ஒரே நிலைக்குத் தள்ளும் ஒளியியல் உந்துதல். இதற்கு அடித்தளமிட்ட ஆல்ஃப்ரெட் காஸ்லருக்கு 1966-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணாடிக் கலத்தில் ருபீடியத்தைச் சூடாக்கி ஆவியாக்கி, 795 நானோமீட்டர் அலைநீளமுள்ள வட்டமுனைவுற்ற லேசரைப் பாய்ச்சினால், ருபீடியத்தின் எலக்ட்ரான்கள் ஒரே தற்சுழற்சி நிலைக்கு வருகின்றன. அவற்றோடு மோதும் செனான் அணுக்கருக்களுக்கு அந்த ஒழுங்கு கைமாறுகிறது. கலத்தில் ஓடும் கலவையில் செனான் சில விழுக்காடுதான். மிச்சம் நைட்ரஜனும் ஹீலியமும். வெளிவரும் செனானைத் திரவ நைட்ரஜனில் மூழ்கிய கண்ணாடிக் குழாயில், காந்தப்புலத்துக்குள்ளேயே உறையவைத்துச் சேர்க்கிறார்கள். போதுமான அளவு சேர்ந்ததும் உருக்கிப் பிளாஸ்டிக் பையில் நிரப்புகிறார்கள். முனைவாக்கம், அதாவது ஒரு திசைக்கு மிகுதியாக நிற்கும் பங்கு, பத்திலிருந்து நாற்பது விழுக்காடு வரை அமைகிறது. புரோட்டானின் பத்து லட்சத்துக்கு ஐந்தோடு இதை ஒப்பிட்டால் இம்முறையின் வலிமை விளங்கும்.

இவ்வாறு ஆயத்தப்படுத்திய செனானால் நுரையீரலைப் படம்பிடிக்கலாம் என்பதை, எலியிலிருந்து எடுத்த நுரையீரலைக் கொண்டு 1994-இல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று முதன்முதலில் காட்டியது. மனிதர்களிடம் ஹீலியம்-3 வாயுதான் தொடக்கத்தில் முன்னணியில் இருந்தது. கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியத்தின் சிதைவிலிருந்தே பெரும்பாலும் கிடைக்கும் அந்த வாயு அரிதாகி விலையேறியதும் ஆய்வாளர்கள் செனானுக்கு மாறினார்கள். காற்றிலிருந்தே பிரித்தெடுக்கப்படும் செனானில் 129 என்ற ஐசோடோப்பு 26 விழுக்காடு உண்டு, செறிவூட்டியும் வாங்கலாம். காற்றோட்டப் படங்களுக்கு இந்த வாயுவைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது.

பையைக் கையாள்வதில் இரண்டு எச்சரிக்கைகள். ஆக்சிஜன் செனானின் முனைவாக்கத்தை அழிக்கும். ஆகவே பையை நிரப்புமுன் நைட்ரஜனால் கழுவி வெறுமையாக்குங்கள். இரும்புப் பொருள்களுக்கு அருகில் பையைக் கொண்டு செல்லாதீர்கள். புலம் சட்டென மாறும் இடங்களிலும் முனைவாக்கம் இழக்கப்படுகிறது. உருக்கிய நேரத்தையும், அளவிட்ட முனைவாக்கத்தையும், நோயாளி உள்ளிழுத்த நேரத்தையும் ஒவ்வொரு பைக்கும் எழுதிவைப்பது பின்னாளில் தவறைக் கண்டுபிடிக்க உதவும் ஒரே ஆவணமாக இருக்கும்.

படி 4: மூச்சுப் பயிற்சி

இந்த முழு வேலையிலும் மிகுந்த பொறுமை தேவைப்படுவது இங்கேதான். முதலில் வெறும் காற்று நிரப்பிய பையைக் கொண்டு, கருவிக்கு வெளியே நோயாளிக்குப் பயிற்சி கொடுங்கள். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயை வைத்து, இருமுறை இயல்பாக மூச்சுவிட்டு, இரண்டாவது வெளிமூச்சின் முடிவில் பையிலுள்ளதை முழுவதும் உள்ளிழுக்கச் சொல்ல வேண்டும். பை சுருங்கிக் கன்னம்போல் ஒட்டிக்கொள்வதை உங்கள் கண்ணால் பாருங்கள். பாதி நிறைந்த பையோடு எடுத்த படத்தில் தெரியும் குறை, நோயின் குறையா மூச்சின் குறையா என்று பிறகு பிரித்தறிய முடியாது. பையின் கொள்ளளவை எல்லோருக்கும் ஒன்றாக வைக்காமல், அவரவர் நுரையீரல் கொள்ளளவுக்கு ஏற்ப, உச்சவரம்பு ஒரு லிட்டராகக் கொண்டு அமையுங்கள்.

மூச்சை அடக்கும் நேரம் பத்திலிருந்து பதினைந்து வினாடி. அந்த நேரத்தில் உரக்க எண்ணுவதைவிட, ஒரே தொனியில் “அப்படியே இருங்க... இருங்க...” என்று சொல்லிக்கொண்டிருப்பது நோயாளியின் பதற்றத்தைக் குறைப்பதைக் கண்டிருக்கிறேன். ஆக்சிஜன் இல்லாத வாயுவை இழுப்பதால் விரலில் மாட்டிய மானியில் ஆக்சிஜன் அளவு சில வினாடிகள் இறங்கி, இரண்டு மூன்று இயல்பான மூச்சுகளில் மீளும். அதிகச் செறிவில் செனான் மயக்கமருந்து என்பதால் இலேசான தலைசுற்றலோ விரல் நுனிகளில் மரமரப்போ வரலாம். ஓரிரு நிமிடங்களில் அது நீங்கிவிடும். படம் முடிந்து நோயாளி பேசும் முதல் வார்த்தை சற்றுத் தடித்த குரலில் ஒலிக்கும்; கனமான வாயு குரலைத் தாழ்த்துவதே அதற்குக் காரணம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் அஞ்ச மாட்டார்.

படி 5: சமிக்ஞையைச் சிக்கனமாகச் செலவழித்தல்

புரோட்டான் படங்களில் செலவான சமிக்ஞை தானாக மீள்கிறது. மிகைமுனைவாக்கத்தில் மீட்சி கிடையாது. ஒவ்வொரு துடிப்பும் கையிருப்பில் ஒரு பங்கை எடுத்துவிடுகிறது. புரட்டுக் கோணம், அதாவது ஒரு துடிப்பு அணுக்கருக்களின் காந்தத்தைச் சாய்க்கும் கோணம், 10 பாகை என்று வைத்துக்கொண்டு 64 துடிப்புகள் கொடுத்தால், கடைசியில் மிஞ்சுவது தொடக்க இருப்பில் 38 விழுக்காடு. 5 பாகையில் 78 விழுக்காடு மிஞ்சும். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் கிடைக்கும் சமிக்ஞை பாதியாகிவிடும். கோணத்தைத் துடிப்புக்குத் துடிப்பு உயர்த்திக்கொண்டே போவது இதற்கு நல்ல தீர்வு: 64 துடிப்புகளுக்கு முதல் கோணம் ஏறத்தாழ 7 பாகை, கடைசிக் கோணம் 90 பாகை, அப்போது எல்லாத் துடிப்பிலும் ஒரே அளவு சமிக்ஞை கிடைக்கிறது.

இதோடு, நுரையீரலிலுள்ள ஆக்சிஜனால் செனானின் முனைவாக்கம் சுமார் 20 வினாடி காலமாறிலியில் தேய்கிறது. பத்து வினாடிப் பதிவில் இதனால் மட்டுமே 39 விழுக்காடு போய்விடுகிறது. ஆகவே கே-வெளியின் நடுப்பகுதியை முதலில் பதியும்படி வரிசையை அமையுங்கள். உண்மையான புரட்டுக் கோணம் நோயாளியின் உடலளவுக்கு ஏற்ப மாறும் என்பதால், சிறிய அளவு செனானைக் கொண்டு ஒரு முன்னளவீடு எடுத்துக் கோணத்தைச் சரிசெய்வதைத் தவிர்க்கவே கூடாது.

படி 6: இரத்தத்துக்குள் செல்லும் செனான்

செனானின் தனிச்சிறப்பு இங்கேதான் தெரிகிறது. என்னை இத்துறைக்கு இழுத்ததும் இதுவே. உள்ளிழுத்த செனானில் ஒன்றிரண்டு விழுக்காடு நுண்ணறைச் சுவரில் கரைந்து, அங்கிருந்து சிவப்பணுக்களுக்குச் செல்கிறது. ஆக்சிஜன் செல்லும் அதே பாதை. சூழல் மாறும்போது செனானின் அதிர்வெண்ணும் மாறுகிறது: வாயுநிலையைச் சுழியாகக் கொண்டால் சுவர்த் திசுவில் 197 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு) அளவிலும், சிவப்பணுவில் 218 பிபிஎம் அளவிலும் அது தோன்றும். ஒரே மூச்சில் காற்று, சுவர், இரத்தம் என மூன்று இடங்களையும் தனித்தனியாகப் படமாக்கலாம்.

சுவருக்கும் சிவப்பணுவுக்கும் இடையிலான வேறுபாடு 1.5 டெஸ்லாவில் ஏறத்தாழ 370 ஹெர்ட்ஸ். இரண்டின் அலைக் கட்டமும் 90 பாகை விலக, கணக்குப்படி 0.7 மில்லிவினாடி ஆகும். அந்தக் கணத்தில் பதிந்தால் ஒன்றை மெய்ப்பகுதியிலும் மற்றதைக் கற்பனைப் பகுதியிலும் பிரித்துவிடலாம். ஆளுக்கு ஆள் இந்த நேரம் சற்று மாறுவதால், முன்னளவீட்டிலேயே இதையும் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். கரைந்த செனானை வாயுச் சேமிப்பு தொடர்ந்து ஈடுசெய்வதால் அதற்கு 20 பாகை கோணம் கொடுக்கலாம். வாயுவுக்கு அரைப் பாகை போதும்.

நுரையீரல் நார்மிகு நோயில் சுவரின் சமிக்ஞை உயர்ந்து சிவப்பணுவின் சமிக்ஞை குறையும். நுண்ணறைகள் சிதையும் நோயான எம்ஃபிசீமாவில் சுவரே அழிந்திருப்பதால் அதன் சமிக்ஞையும் குறையும். கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்து மீண்டவர்களை ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2021-இல் ஆராய்ந்தபோது, சிடி ஸ்கேன் ஏறத்தாழ இயல்பாக இருந்தவர்களிடமும் சிவப்பணுவுக்குச் செல்லும் செனான் குறைந்திருந்தது. மூச்சுத்திணறலைச் சொல்லியும் நம்பப்படாமல் திரும்பியவர்களுக்கு அப்படம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நினைத்துப் பாருங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: இரத்தசோகை இருந்தாலும் சிவப்பணுச் சமிக்ஞை குறையும். நம் ஊர்களில் இரத்தசோகை பரவலாக இருப்பதால், ஹீமோகுளோபின் அளவை அதே நாளில் எடுக்காமல் இந்த விகிதத்தை விளக்க முற்படக் கூடாது.

காற்றோட்டப் படத்தில் வாயு சேராத பகுதியின் கன அளவை நுரையீரலின் மொத்தக் கன அளவுக்கு விழுக்காடாகச் சொல்வது வழக்கம். அதைக் கணிக்குமுன் காயிலின் சீரற்ற உணர்திறனைத் திருத்தி, புரோட்டான் படத்தோடு பொருத்துங்கள். இரண்டு படங்களும் ஒரே அளவு காற்றை இழுத்த நிலையில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

படி 7: செல்களுக்கு அடையாளமிடுதல்

இனிச் செல்கள். எம்ஆர்ஐக்கு எல்லாச் செல்லும் ஒன்றுதான். செலுத்திய செல்லைப் பிரித்தறிய அதற்குள் ஓர் அடையாளத்தை வைத்து அனுப்ப வேண்டும். இரும்பு ஆக்சைடு நுண்துகள்கள் நீண்டகாலம் பயன்பட்டவை. அவை சுற்றுப்புறப் புலத்தைக் கோணலாக்கிப் படத்தில் கருமையை உண்டாக்கும். நெதர்லாந்தின் நைமெகன் நகரில் 2005-இல், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ளவர்களுக்குத் தடுப்பூசியாகக் கொடுத்த டென்ட்ரைட்டிக் செல்களை (நோயெதிர்ப்பைத் தூண்டும் செல்கள்) இவ்வாறு பின்தொடர்ந்தார்கள். அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே ஊசி போட்டும், எட்டு நோயாளிகளில் நால்வருக்குச் செல்கள் நிணநீர் முடிச்சுக்குள் போய்ச் சேரவில்லை என்பதை எம்ஆர்ஐ காட்டியது. செல் சிகிச்சை பலனளிக்காதபோது, செல் வேலை செய்யவில்லையா அல்லது ஊசியே இடம் தவறியதா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆனால் நுரையீரலுக்கு இரும்பு பொருந்தாது. ஏற்கெனவே கரிய இடத்தில் கருமையைத் தேடி என்ன பயன்? இங்குதான் ஃபுளூரின்-19 உதவுகிறது. உடலின் மென்திசுக்களில் எம்ஆர்ஐக்குத் தெரியும் ஃபுளூரின் இல்லை. எலும்பிலும் பல்லிலும் உள்ளது திடநிலையில் பிணைந்திருப்பதால் அதன் சமிக்ஞை கண்ணில் படாது. ஆகவே படத்தில் தெரிவதெல்லாம் நாம் வைத்தனுப்பியதே. பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2005-இல் வெளியிடப்பட்ட இம்முறை, 2014-இல் பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் டென்ட்ரைட்டிக் செல்களைக் காணப் பயன்பட்டது.

ஃபுளூரின் நிறைந்த நீர்மமான பெர்ஃபுளூரோகார்பனின் நுண்துளிகள் கலந்த பால்மத்தைச் செல் வளர்ப்பு ஊடகத்தில் ஓர் இரவு கலந்துவைத்தால் செல்கள் அதை விழுங்கிக்கொள்ளும். மறுநாள் மூன்று முறை கழுவுங்கள். வெளியே ஒட்டியிருக்கும் பால்மமும் சமிக்ஞை தரும் என்பதால் இதில் அவசரம் வேண்டாம். பெர்ஃபுளூரோகார்பன் நீரைவிட அடர்த்தியானது. நன்றாக விழுங்கிய செல்கள் மையவிலக்கியில் வழக்கத்தைவிட விரைவாகக் குழாயின் அடியில் இறுகி அமர்வதைக் காணலாம். பிறகு உயிருள்ள செல்களின் விழுக்காட்டை எண்ணி, அடையாளமிடாத செல்களோடு ஒப்பிட்டு, அவற்றின் இயல்பான செயல்பாட்டையும் சோதியுங்கள்.

அடுத்தது, ஒரு செல்லுக்கு எத்தனை ஃபுளூரின் என்ற கணக்கு. எண்ணிய செல்களைச் சிதைத்து, அளவு தெரிந்த டிரைஃபுளூரோஅசெட்டிக் அமிலத்தோடு சேர்த்து நிறமாலைமானியில் வைத்து, இரண்டு உச்சிகளின் பரப்பையும் ஒப்பிடுங்கள். பத்து லட்சம் செல்களில் 10¹⁸ ஃபுளூரின் அணுக்கள் இருந்தால், செல்லுக்கு 10¹² ஆகும். செல் வகையைப் பொறுத்து இது 10¹¹ முதல் 10¹³ வரை மாறும். இந்த எண் இல்லாமல் படத்திலிருந்து செல்களின் எண்ணிக்கையைச் சொல்ல வழியில்லை.

படி 8: ஃபுளூரின் படம்

பக்கத்திலேயே அளவு தெரிந்த பால்மம் நிரப்பிய சிறு குழாயை வைத்துப் படமெடுங்கள். அதன் பிரகாசத்தை வைத்தே ஒவ்வொரு வோக்சலிலும் (படத்தின் மிகச் சிறிய கன அலகு) உள்ள ஃபுளூரினைக் கணக்கிடலாம். உயர்புல விலங்குக் கருவிகளில் ஒரு வோக்சலில் சில ஆயிரம் முதல் பல்லாயிரம் செல்களும், மருத்துவமனைக் கருவிகளில் லட்சத்தை ஒட்டிய செல்களும் இருந்தால்தான் தெரியும். இரைச்சலுக்குள் எதையோ கண்டதாக மனம் சொல்லும்போது, ஃபுளூரின் செலுத்தாத விலங்கின் படத்தை அருகில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் ஆய்வில் ஒருமுறை, எலியின் விலாப்புறத்தில் அழகான ஒளிக்கீற்று தெரிந்தது. செல்கள் நகர்ந்திருப்பதாக இரண்டு நாள் மகிழ்ந்திருந்தோம். அது ஐசோஃபுளூரேன்: எலிக்குக் கொடுத்த மயக்கமருந்திலேயே ஃபுளூரின் இருக்கிறது, கொழுப்பில் அது சேர்கிறது, பால்மத்தின் உச்சியிலிருந்து சில பிபிஎம் தள்ளித்தான் அதன் உச்சி. அன்றிலிருந்து, படமெடுக்குமுன் நிறமாலை ஒன்றைப் பதிந்து, கிளர்வூட்டும் அலைவரிசையைக் குறுக்குவதும், நீண்ட பதிவுகளுக்கு ஊசிவழி மயக்கமருந்துக்கு மாறுவதும் எங்கள் வழக்கமாயிற்று.

படி 9: தெரிவது செல்தானா என்று சோதித்தல்

சிரைவழி செலுத்தும் இடைத்திசு ஸ்டெம் செல்களில் பெரும்பங்கு முதல் சுற்றிலேயே நுரையீரலில் சிக்கிக்கொள்ளும். அவற்றின் விட்டம் 15 முதல் 25 மைக்ரான். நுரையீரல் தந்துகிகள் பத்து மைக்ரானைவிடக் குறுகியவை. எனவே இதயத்துக்கோ மூளைக்கோ அனுப்பிய செல்லாக இருந்தாலும், முதல் நாள் நுரையீரலையும் படமெடுங்கள்.

நாள்கள் செல்லச் செல்ல இரண்டு மயக்கங்கள் வரும். செல் பிரியும்போது ஃபுளூரின் இரண்டு மகள் செல்களுக்கும் பங்காகிறது. சமிக்ஞை மங்கினால் செல்கள் இறந்ததாகப் பொருளில்லை. செல் இறந்தால் அதன் ஃபுளூரினை மேக்ரோஃபேஜ்கள் என்ற துப்புரவுச் செல்கள் விழுங்கி அங்கேயே வைத்திருக்கும். சமிக்ஞை நீடித்தால் செல்கள் வாழ்வதாகவும் பொருளில்லை. முன்பே கொன்ற செல்களுக்கு அதே அடையாளமிட்டு ஒரு தனிக் குழுவுக்குச் செலுத்தி, அதன் சமிக்ஞை எவ்வாறு தேய்கிறது என்று பார்ப்பது இதற்குக் கட்டாயமான ஒப்பீடு. கடைசிப் படம் எடுத்த அன்றே நுரையீரலை எடுத்துப் பதப்படுத்துங்கள். பால்மத்தில் ஒளிரும் சாயம் சேர்த்திருந்தால், திசுச் சீவல்களில் அந்தச் சாயத்தையும் மேக்ரோஃபேஜ் அடையாளத்தையும் ஒன்றாகப் பார்க்கலாம். சாயம் எத்தனை விழுக்காடு மேக்ரோஃபேஜ்களுக்குள் இருக்கிறது என்று எண்ணி, அந்த எண்ணைப் படத்தின் கீழேயே அச்சிடுங்கள்.